சமோயெட் நாய்க்கு என்ன போடுவது, எவ்வளவு போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு சமோயெட்டின் பெயர் பஞ்சு. எட்டு வயதாகிறது. நடைக்குக் கூட்டிப் போகும்போது நிறுத்திப் பேசுபவர்கள் முதலில் கேட்பது, "முடி கொட்டுமா?" அடுத்தது, "என்ன சாப்பாடு போடறீங்க?" முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு: கொட்டும். இரண்டாவது கேள்விக்குத் தெருவில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் நாய்க்கு ஏற்கெனவே நோய் இருந்தால் அதைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

சமோயெட்டுக்குன்னு தனியா ஏதாவது சாப்பாடு இருக்கா?

இல்லை. மற்ற நாய்களுக்குத் தேவையான அதே சத்துகள்தான் இதற்கும் தேவை. ஆனால் இந்த இனத்தில் கவனம் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: உடம்பை மறைக்கும் இரட்டை அடுக்கு முடி, துத்தநாகம் (ஜிங்க்) என்ற தாதுவின் குறைபாடு, கணையம், சர்க்கரை நோய், இடுப்பு மூட்டு. ஒவ்வொன்றும் கீழே வருகிறது.

"இது சைபீரியா நாய், மீனும் கொழுப்பும் தின்று வளர்ந்த இனம், அதையே கொடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. நெனெட்ஸ் போன்ற வடக்கு மக்களோடு வாழ்ந்த நாய்கள் கலைமான் இறைச்சியும் மீனும் சாப்பிட்டன. கூடவே கலைமான் மந்தையை மேய்த்தன, பனியில் சறுக்குவண்டி இழுத்தன. பஞ்சு இழுக்கிற பாரம் என்பது நடையின்போது மறுமுனையில் வரும் நான் மட்டும்தான். அந்த உழைப்பு இல்லாமல் அந்தக் கொழுப்பை மட்டும் கொடுத்தால் அது உடம்பில்தான் போய்ச் சேரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்? பாக்கெட்ல போட்டிருக்கற அளவு சரியா?

பாக்கெட் அளவு பொதுவாக ஒரு சராசரி நாய்க்கானது. வீட்டில் படுத்திருக்கும், கருத்தடை செய்த நாய்க்கு அது பெரும்பாலும் அதிகம். நீங்களே கணக்குப் போடலாம், சாதாரண கால்குலேட்டர் போதும். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே மூன்று முறை வருமாறு பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம் இரண்டு தடவை எடுங்கள். பிறகு 70-ஆல் பெருக்குங்கள். 20 கிலோ நாய் என்றால் 20×20×20 = 8000. ஒரு வர்க்கமூலம் 89.4, இன்னொன்று 9.46. 70-ஆல் பெருக்கினால் சுமார் 660 கலோரி. சும்மா படுத்துக் கிடக்கவே உடம்புக்கு இவ்வளவு வேண்டும்.

கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆலும், செய்யாத நாய்க்கு 1.8-ஆலும் பெருக்க வேண்டும். ஆக 20 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 1060 அல்லது 1190 கலோரி. உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 360 என்றால் நாளுக்குச் சுமார் 295 கிராம்.

இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்கு வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். இரண்டு வாரம் இந்த அளவில் போட்டு, எடையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

கப்பால அளந்துதான் போடறேன், போதாதா?

போதாது. எங்கள் வீட்டில் ஒரே கப்பால் நான் அள்ளியதையும் அம்மா அள்ளியதையும் ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது 95 கிராம், அம்மாவுடையது 125. அம்மாவுக்குக் கோபுரம் வைத்தால்தான் அளந்த திருப்தி. ஒரு வேளைக்கு 30 கிராம் என்றால் இரண்டு வேளைக்கு 60 கிராம், அதாவது 200 கலோரிக்கு மேல். மேலே போட்ட கணக்கில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! தராசு வாங்கிவிடுங்கள்.

என் நாய் குண்டா இருக்கா, இல்ல அது வெறும் முடியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சமோயெட்டைக் கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. அடியில் கம்பளி போன்ற முடி, மேலே நீண்ட முடி, இரண்டும் சேர்ந்து எந்த உடம்பையும் ஒரே மாதிரி காட்டிவிடும். மெலிந்தாலும் தெரியாது, பெருத்தாலும் தெரியாது.

கையால்தான் பார்க்க வேண்டும். விரல்களை முடிக்குள் விட்டுத் தோல் வரை போய், விலா எலும்புகள் மேல் லேசாக ஓட்டுங்கள். பிறகு உங்கள் கையைத் தொட்டு ஒப்பிடுங்கள். கையை விரித்து வைத்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. முஷ்டி மடக்கினால் மேடு மேடாகத் துருத்தும் முட்டிகள் போல இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று, அழுத்தினால்தான் எலும்பு என்றால் எடை அதிகம். கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். அதையும் கையால்தான் பாருங்கள். குளிப்பாட்டி முடி முழுக்க நனைந்திருக்கும்போது பார்ப்பது இன்னும் சுலபம், அப்போதுதான் உண்மையான நாய் வெளியே வரும்.

பஞ்சுவுக்கு நான்கு வயதாக இருந்தபோது "என்ன அழகா புசுபுசுன்னு இருக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பூரித்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் விலாவில் கை வைத்து, ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தலையணை மாதிரி இருந்தது. தராசில் 24.5 கிலோ. அவள் இருக்க வேண்டியது 20. பெண் சமோயெட் பொதுவாக 16 முதல் 23 கிலோ, ஆண் 20 முதல் 30 கிலோ. ஆனால் உங்கள் நாயின் எலும்புக்கட்டுக்கு எது சரி என்பதைக் கைதான் சொல்லும்.

கொஞ்சம் பூசினாப்ல இருந்தா என்ன தப்பு?

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் குறை இந்த இனத்தில் உண்டு. கூடுதல் எடை அந்த மூட்டில்தான் இறங்கும். லாப்ரடார் நாய்கள் 48-ஐ வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்ற கூட்டம் இடைநிலைக் கணக்கில் (வரிசையில் நடுவில் நிற்கும் நாயின் ஆயுளை வைத்து) 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தது, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. இனம் வேறுதான், ஆனால் அந்தக் கிட்டத்தட்ட இரண்டு வருடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

எத்தனை வேளை? தட்டுல எப்பவும் நிரப்பி வெச்சுடலாமா?

எட்டு வாரத்திலிருந்து நான்கு மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் ஆயுள் முழுக்க இரண்டு. எப்போதும் நிரப்பி வைத்தால் எவ்வளவு சாப்பிட்டது என்று உங்களுக்குத் தெரியாது, சாப்பிடாமல் விட்டதும் தெரியாது. பசி குறைவதுதான் பல நோய்களின் முதல் அறிகுறி.

ஒரே வேளையாக மொத்தத்தையும் போடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெரிய ஒற்றை வேளையும், விழுங்கி விழுங்கித் தின்பதும் அதைக் கூட்டும். அவசரமாகத் தின்னும் நாய்க்கு உள்ளே மேடு பள்ளம் வைத்த தட்டு கிடைக்கிறது. சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை பார்க்கலாம் என்பதெல்லாம் கூடாது.

குட்டிக்கு எலும்பு பலமாகக் கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

கூடாது. "வளர்ச்சிக்கு முழுமையானது" என்று போட்ட குட்டி உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சின்னக் குட்டியின் குடல் கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். விளைவு, எலும்பு வளர்ச்சி கோணலாகும். கால்சியமும் பாஸ்பரஸும் 1:1 முதல் 2:1 வரையான விகிதத்தில் இருக்க வேண்டும், மேலே ஒரு ஸ்பூன் டானிக் ஊற்றினால் அந்த விகிதம் கெடும். இன்னொன்று, அதிகக் கால்சியம் துத்தநாகத்தை உடம்பில் சேர விடாது. அது இந்த இனத்துக்கு ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

குட்டி உணவை ஒரு வயது தாண்டும் வரை, வளர்ச்சி நிற்கும் வரை தொடருங்கள். குட்டியையும் கையால் பாருங்கள். கரடி பொம்மை போல உருண்டையாக இருப்பது குட்டிக்கு நல்லதில்லை. வேகமாகப் பெருத்து வளரும் குட்டிக்குத்தான் மூட்டுச் சிக்கல் அதிகம்.

டிரை ஃபுட்டா, டின்னுல வர ஈரமான உணவா, எது நல்லது?

இரண்டும் நல்லதாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். முதலில் தேட வேண்டிய சொல் "முழுமையானது, சமச்சீரானது". அது இல்லாமல் "கூடுதல் உணவு" என்று இருந்தால் ட்ரீட் கணக்கில்தான் சேரும்.

ஒப்பிடும்போது ஒரு ஏமாற்றம் உண்டு. டின்னில் புரதம் 10 சதவீதம், உலர் உணவில் 26 சதவீதம் என்று போட்டிருந்தால் டின்னைக் கீழே வைத்துவிடுவோம். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-இல் 10 என்றால் 45 சதவீதம். உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம், மீதி 90-இல் 26 என்றால் 29 சதவீதம். தண்ணீரைக் கழித்த பிறகுதான் எதையும் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் கால்நடை, செல்லப்பிராணி உணவுகளுக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகோலும் அப்படித்தான் சொல்கிறது: வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதப் புரதம், 5.5 சதவீதக் கொழுப்பு. குட்டிக்கு 22.5-உம் 8.5-உம்.

பொருள் பட்டியலில் "கோழி" முதலில் இருந்தால் மயங்க வேண்டாம். அந்த வரிசை எடையை வைத்துத்தான், பச்சைக் கோழியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

வீட்லயே கோழியும் அரிசியும் வேகவெச்சுப் போடறேன். அதைவிட சுத்தமா என்ன இருக்கு?

சுத்தம்தான், ஆனால் குறை உள்ளது. கோழிச் சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவையும் போதாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் கால்சியம் கிடைக்கும், மற்றவை கிடைக்காது. 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. குறிப்பு எழுதிய சிலர் கால்நடை மருத்துவர்களே.

சமைத்துத்தான் போடுவேன் என்றால், கால்நடை உணவியல் படித்த மருத்துவரிடம் உங்கள் நாய்க்கென்று ஒரு குறிப்பு வாங்குங்கள். அவர் சொல்லும் தாது-வைட்டமின் கலவையை விடாமல் சேருங்கள். "இன்றைக்கு அது தீர்ந்துவிட்டது, பரவாயில்லை" என்று நாம் நழுவுகிற இடம் அதுதான். இல்லையென்றால் முழுமையான உணவின் மேல் உப்பு, மசாலா இல்லாத வெந்த கோழியைக் கொஞ்சம் தூவுங்கள். பஞ்சுவுக்கு அப்படித்தான்.

ஓநாய் வம்சம்தானே, தானியமே வேண்டாம்னு சொல்றாங்களே?

நாய் மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதற்குப் பெருகியிருக்கின்றன. 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைக் காட்டியது. பனிப் பிரதேச நாய்களில் இந்தப் பிரதிகள் மற்ற இனங்களைவிடக் குறைவாக இருப்பதுண்டு. ஆனாலும் வெந்த அரிசியையும் ஓட்ஸையும் செரிக்கவே முடியாது என்று ஆகாது. மலம் கெட்டியாக, அளவாக இருந்தால் செரிக்கிறது என்று அர்த்தம்.

தானியத்தை எடுத்துவிட்ட உணவுகளில் அந்த இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு நிறைய வரும். அப்படிப்பட்ட உணவு தின்ற சில நாய்களுக்கு இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் வந்ததாகப் புகார்கள் வந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. இதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. காரணமில்லாமல் தானியத்தை ஒதுக்க மாட்டேன், என் நிலைப்பாடு அவ்வளவுதான்.

பச்சை இறைச்சி, எலும்பு?

பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். உறைய வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், பாக்டீரியா சாகாது. நாய் தாங்கிக்கொண்டாலும் அதன் வாய், தட்டு, மலம் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கு வரும். சமோயெட் முகத்தை நக்காமல் இருக்கும் நாய் இல்லை. கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு இன்னும் மோசம், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை மீனும் தவிர்க்க வேண்டியதே, சில வகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு.

முடி பளபளன்னு இருக்க என்ன கொடுக்கணும்?

முடி என்பதே புரதம்தான். நாய் தின்னும் புரதத்தில் நல்ல பங்கு தோலுக்கும் முடிக்கும் போகிறது, சமோயெட்டுக்குச் சொல்லவே வேண்டாம். வருடத்தில் ஓரிரு முறை அடிமுடி மொத்தமாகக் கழன்று வரும். சீப்பு வைத்தால் இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு வரும்! அது நோய் இல்லை, அதற்கு மாத்திரையும் இல்லை. நல்ல தரமான புரதமும் மீன் எண்ணெயும் உதவும். மீன் எண்ணெயில் பார்க்க வேண்டியவை இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள். அளவை டாக்டரிடம் கேளுங்கள், அதிகமானால் பேதி, கூடுதல் கலோரி. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி நிறைய இருப்பதால் தினமும் ஊற்றினால் நஞ்சாகலாம்.

கண்ணுக்குக் கீழயும் வாயைச் சுத்தியும் முடி பழுப்பா ஆகுது. பீட்ரூட் கலந்த உணவுதான் காரணமா?

இல்லை. உணவில் வரும் பீட் சக்கை வெள்ளைச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து வருவது, அதில் சிவப்பு நிறமே கிடையாது. கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமிதான் வெள்ளை முடியில் படிந்து பழுப்பாகத் தெரிகிறது. கறுப்பு நாய்க்கும் இது உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். திடீரென்று அதிகமானால் கண்ணைக் காட்டுங்கள். பாதத்தை ஓயாமல் நக்கி அங்கே பழுப்பேறினால் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கண், வாய் ஓரத்துல பொருக்கு மாதிரி தடிப்பு வந்திருக்கு. சத்துக் குறைவா?

இருக்கலாம். கண், வாய், காது ஓரங்களிலும் பாத மெத்தைகளிலும் பொருக்குத் தட்டி முடி கொட்டினால் துத்தநாகக் குறைபாட்டை நினைக்க வேண்டும். ஹஸ்கி, மலமூட் இனங்களில் இது பிரபலம், அவற்றில் சில நாய்களுக்குத் துத்தநாகத்தைக் குடலில் உறிஞ்சும் திறனே பிறவியிலிருந்து குறைவு. சமோயெட்டிலும் இது பதிவாகியிருக்கிறது. தவிடு, தானியம், பருப்பு வகைகளில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிகக் கால்சியமும் அப்படியே. குட்டிக்கு டானிக் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

ஆனால் பூஞ்சை, உண்ணிப்பூச்சி, உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் எல்லாமே பார்க்க இதே மாதிரி இருக்கும். டாக்டர் தோலைச் சுரண்டியோ சிறு துண்டு எடுத்தோ பார்ப்பார். நீங்களாகத் துத்தநாக மாத்திரை கொடுக்காதீர்கள். அதிகமானால் வாந்தி வரும், ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

ட்ரீட் எவ்வளவு கொடுக்கலாம்?

நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 1060 கலோரி நாய்க்கு 106. ஒரு தீப்பெட்டி அளவு செடார் சீஸிலேயே இந்தக் கணக்கு முடிந்துவிடும். அதே கலோரிக்குக் கால் கிலோ கேரட் கொடுக்கலாம். பஞ்சுவுக்குக் கேரட்டின் சுவையைவிடக் கடிக்கும்போது வரும் சத்தம்தான் பிடிக்கும் என்பது என் சந்தேகம். நான் பயிற்சிக்கு அவளுடைய காலைச் சாப்பாட்டிலேயே ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

எதெல்லாம் கொடுக்கவே கூடாது?

சாக்லேட், காபி, தேயிலை, திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, மது, புளித்த பச்சை மாவு. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் பொடியானாலும் நஞ்சுதான். நம் தட்டில் மீந்த குழம்பு, கிரேவி எதுவும் வேண்டாம் என்பதற்கு இது போதும். சைலிடால் என்ற இனிப்பூட்டி எல்லாவற்றிலும் மோசம். சர்க்கரையில்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வெயில் காலத்துல தட்டை மோந்து பாத்துட்டுப் போயிடுது. வேற என்ன போட்டா சாப்பிடும்?

வெயிலில் இந்த நாய்க்குப் பசி குறையும். விடியற்காலையிலும், இருட்டிக் குளிர்ந்த பிறகும் தட்டை வையுங்கள். 20 நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்று கோழி, அப்புறம் முட்டை, அப்புறம் சீஸ் என்று நீங்கள் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போனால், காத்திருந்தால் நல்லது வரும் என்று நாய் கற்றுக்கொள்ளும். சமோயெட் இதில் கெட்டிக்காரப் பயல்.

தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது சாதாரண அளவு, வெயிலில் கூடும். வளர்ந்த நாய் 24 மணி நேரம் ஒன்றுமே தொடாவிட்டால், அல்லது சோர்வு, வாந்தி சேர்ந்திருந்தால், அது அடம் இல்லை. குட்டிக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

உணவை மாத்தினாலே பேதியாகுது. ஒத்துக்கலையா?

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் புதியது கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். நடுவில் மலம் இளகினால் முந்தைய படியில் இரண்டு நாள் நில்லுங்கள்.

எப்பவும் சொறியுது. கோழி அலர்ஜின்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

சொறிவதற்கு உணவைவிடப் பூச்சியும், தூசி மகரந்தம் போன்றவையும்தான் அடிக்கடி காரணம். உணவுதான் என்றால் நாய்களில் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை ஆகியவை முன்னால் நிற்கும். ரத்தம், எச்சில் சோதனைகளை நம்பி உணவை மாற்றாதீர்கள், அவை உணவு ஒவ்வாமைக்கு நம்பத்தக்கவை அல்ல. டாக்டர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. அந்த எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் உள்ளே போனாலும் சோதனை கெட்டது. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடமும் சொல்லி வையுங்கள்.

கருத்தடைக்கு அப்புறம் ஏறின எடையை எப்படிக் குறைக்கறது? பாதியாக் குறைச்சுடலாமா?

கருத்தடைக்குப் பிறகு உடம்பின் தேவை 20 முதல் 30 சதவீதம் குறையும், பசியோ கூடும். எடையைக் குறைக்க, இருக்க வேண்டிய எடைக்கு மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைப் போட்டு, 1.6, 1.8 எதனாலும் பெருக்காமல் அதையே கொடுக்க வேண்டும். பஞ்சுவுக்கு 20 கிலோ கணக்கில் 660 கலோரி. ஆனால் பழைய உணவையே இப்படிக் குறைத்தால் கலோரியோடு புரதமும் தாதுவும் குறைந்துவிடும். அதனால் எடை குறைப்புக்கென்றே செய்த, கலோரி குறைந்து சத்து நிறைந்த உணவைத் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும்.

எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. மூன்றாவது மாதம் எடை அசையவே இல்லை. கடைசியில் கண்டுபிடித்தோம்: அப்பா தினமும் காலையில் தன் டோஸ்டின் ஓரத்தை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு மேசையில் ஒரு டப்பா வைத்தோம், அன்றைய மொத்த உணவும் அதற்குள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த இனத்துக்குச் சர்க்கரை நோய் வரும்னு கேள்விப்பட்டேன். இனிப்பு கொடுக்காம இருந்தா தடுக்கலாமா?

சமோயெட்டுக்கு மற்ற இனங்களைவிட இந்த நோய் அதிகம் என்பது உண்மை. ஆனால் நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை, இனிப்பை நிறுத்துவதால் மட்டும் தடுத்துவிட முடியாது. உங்களால் செய்யக்கூடியது எடையைக் கட்டுக்குள் வைப்பதும், கணையத்தைக் காப்பதும். பண்டிகை நாளில் இறைச்சிக் கொழுப்பையும் தோலையும் அள்ளிப் போட்டால் கணைய அழற்சி வரலாம். அது திரும்பத் திரும்ப வந்தால் இன்சுலின் சுரக்கும் செல்களும் அழியும்.

நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, தண்ணீரை அதிகம் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவைதான் அறிகுறிகள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் பரிசோதனை செய்யுங்கள். முடிக்குள் இளைப்பு தெரியாது என்பதை மேலே பார்த்தோம், எனவே மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இன்சுலின் தொடங்கிவிட்டால் தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே உணவு.

வயசான நாய்க்குப் புரதத்தைக் குறைக்கணுமா? புரதம் கிட்னியைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?

சிறுநீரகம் நன்றாக இருக்கும் நாய்க்குப் புரதம் கெடுதல் செய்வதில்லை. வயதானால் தசை கரையும், அப்போது நல்ல புரதம் இன்னும் அவசியம். குறைக்க வேண்டியது கலோரியைத்தான், அதுவும் எடை ஏறினால் மட்டும். ஏழெட்டு வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தமும் சிறுநீரும் பாருங்கள். சிறுநீரக நோய் இருப்பது உறுதியானால் பாஸ்பரஸும் புரதமும் அளவாக உள்ள சிகிச்சை உணவுக்கு மாறச் சொல்வார்கள்.

சமோயெட்டில் இன்னொரு தனி விஷயம் உண்டு. எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் பிறவிச் சிறுநீரக நோய். ஆண் குட்டிகளுக்குத்தான் கடுமை. இரண்டு மூன்று மாதத்திலேயே சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கி, ஒன்றேகால் வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். குட்டி எவ்வளவு தின்றாலும் தேறவில்லை, இளைத்துக்கொண்டே போகிறது என்றால் உணவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் சிறுநீரைச் சோதியுங்கள். இந்த நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கிறது. குட்டி வாங்கப் போகும் இடத்தில் தாய் நாயின் சோதனை முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தாயிடமிருந்துதான் அது ஆண் குட்டிக்கு வருகிறது.